ருகூவிலிருந்து நிமிரும்போது

சென்ற ரமளானில் ஓர் இரவு, எங்கள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் தராவீஹ் தொழுதுகொண்டிருந்தபோதுதான் எங்கள் மகளின் முதுகில் ஏதோ கோளாறு இருப்பதைக் கண்டோம். கண்டோம் என்று பன்மையில் சொல்வது முழு உண்மையன்று. கண்டவர் எங்களில் தாயானவர். தந்தையானவர் அவ்வேளையில் பள்ளிவாசலில் இருந்தார். இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். ஒருவர் மட்டும் அறிந்ததைச் சொல்லும் இடங்களில் யாரென்று குறிப்பிட்டுவிடுகிறோம்.

மகள் தாயின் வலப்பக்கம் நின்றிருந்தாள். ருகூவில் குனிவதில் அவளுக்குத் தடை ஏதுமில்லை. நிமிர்வதில்தான் தடை. மற்றவர்கள் நேராக நின்ற பிறகும் அவள் ஒரு மூச்சளவு பிந்தினாள். ஸஜ்தாவிலிருந்து எழும்போது கையைத் தரையில் ஊன்றி, அடுத்துத் தொடையில் ஊன்றி, படிப்படியாக எழுந்தாள். பதினாறு வயதுப் பெண், எழுபது கடந்த தன் நன்னியைப் போல் எழுந்தாள். பன்னிரண்டாம் ரக்அத்துக்குப் பின் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கேட்டதற்கு, "நோன்புக் களைப்பும்மா" என்றாள்.

ஏழாம் வகுப்பிலிருந்து ஜூடோ பயில்பவள் அவள். 52 கிலோ எடைப்பிரிவில் இருமுறை மாவட்ட அளவில் வென்று மாநிலப் போட்டிவரை சென்றவள். வாரத்தில் ஐந்து மாலைகள் மேட்டில் விழுந்தும் எழுந்தும் பழகியவளை இருபது ரக்அத் எப்படிக் களைப்படையச் செய்யும் என்று அன்றே ஐயுற்றிருக்க வேண்டும். நோன்பு என்ற சொல் எங்கள் வாயை அடைத்துவிட்டது.

அவள் ஜூடோவில் சேர்ந்தபோது உறவுக்குள் எழுந்த பேச்சை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மல்லுக்கட்டு?" என்றார் பெரியத்தா. தலைமறைப்பு என்னாகும் என்று கேட்டார் மாமி. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் வுஜ்தான் ஷஹர்கானி, தலையை மறைக்கும் இறுக்கமான தொப்பியுடன் ஜூடோ மேட்டில் ஏறியதை எடுத்துச் சொன்னோம். ஜூடோவில் கழுத்தை நெரிக்கும் பிடிகள் உண்டு. தலைத்துணி அதில் சிக்கினால் ஆபத்து என்று முதலில் மறுப்பு எழுந்து, பிறகுதான் உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆட்டத்தில் அவர் 82 விநாடிகளில் தோற்றார். "தோத்ததப் போயி சொல்றீங்களே" என்று பெரியத்தா சிரித்தார். சிரிப்போடு எதிர்ப்பும் பாதி தணிந்தது. ஊசி எதுவும் குத்தாத இறுக்கமான துணித் தொப்பி ஒன்றை மாமியே தைத்துத் தந்தார். போட்டி நடத்துவோரிடம் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். ஆட்டத்தின் தொடக்கத்தில் எதிராளிக்குக் குனிந்து மரியாதை செய்யும் வழக்கத்தைப் பற்றியும் வீட்டில் நெடுநாள் பேச்சு நடந்தது. அது தனியே எழுத வேண்டிய பொருள், இங்கே வேண்டாம்.

எல்லாம் பேசி முடித்து ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் அனுமதி தந்தோம். "எங்கயாவது அடிபட்டுச்சுன்னா அன்னையோட நிறுத்திடணும்." பெரியத்தாவின் முன்னிலையில் சொன்னோம், அவருக்காகவும்தான் சொன்னோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உடனே தலையாட்டினாள். பொறுப்பான பெற்றோர் சொல்லும் சொல்லென்றே அதை நினைத்திருந்தோம்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது தைலப் புட்டி. நன்னியின் முழங்காலுக்கென வாங்கும் புட்டி, வழக்கமாக இரண்டு மாதம் வரும். அது மூன்று வாரத்தில் காலியாகியிருந்தது. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு தாயானவர் அதைப் பற்றிக் கேட்டபோது நன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தாமாகவே சொன்னார். "புள்ள ராத்திரி ராத்திரி வந்து அழுவுது. உங்ககிட்ட சொன்னா நிறுத்திப்புடுவீங்களாம். நான் என்னத்தச் செய்ய? தேச்சு விட்டேன்." வலி தொடங்கி அப்போதே நான்கு மாதமாகியிருந்தது.

அன்றிரவு மகளை அழைத்துக் கேட்டோம். சினத்தோடுதான் தொடங்கினோம். "ஏன் மறைச்சே?" அவள் தந்தையை ஏறிட்டுப் பார்த்து, "நீங்கதானே அத்தா சொன்னீங்க" என்றாள். அதற்கு மேல் அவளிடம் கேட்க எங்களிடம் எதுவும் இல்லை.

எலும்பு மருத்துவர் அவளை ஒற்றைக் காலில் நிற்கச் செய்து மெல்லப் பின்னால் வளையச் சொன்னார். இடக்காலில் நின்று வளைந்தபோது பல்லைக் கடித்தாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே விளங்கியது. இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்தில் கடைசி எலும்பின் பின்புற வளையத்தில் குறுகலான பாலம் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. வளரும் வயதில் முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைத்தும் முறுக்கியும் விளையாடுவோருக்கு அந்தப் பாலத்தில் களைப்பு முறிவு உண்டாகும். ஒரே அடியில் உடையும் முறிவன்று அது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போன்றது. வேகப்பந்து வீச்சாளர், ஜிம்னாஸ்டிக் பிள்ளைகள், ஜூடோ பிள்ளைகள் எனப் பலருக்கும் வருவதுதான். அவளுக்கு எலும்பு இன்னும் விரியவில்லை. விரியும் முன் தோன்றும் வீக்கமே இடப்பக்கம் தெரிந்தது. இந்த நிலையில் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். "இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே ஆடியிருந்தா?" என்று தந்தையானவர் கேட்டார். மருத்துவர் மகளைப் பார்த்தபடி, "அதான் இப்ப வந்துட்டீங்களே" என்றார். அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பதிலின் கனிவை எங்களால் இன்றும் மறக்க இயலவில்லை.

மூன்று மாதம் மேட்டில் கால் வைக்கக் கூடாது. அதன்பின் உடற்பயிற்சி மருத்துவரிடம், அதாவது பிசியோதெரபிஸ்டிடம் செல்ல வேண்டும். அங்கேதான் நாங்கள் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டை முதன்முறையாக அறிந்துகொண்டோம்.

அதுவரை ஜூடோ எங்களுக்குக் கைகளின் விளையாட்டாகவே தெரிந்தது. இருவர் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றி இழுக்கிறார்கள், யாருடைய பிடி வலிதோ அவர் வெல்கிறார். மகளின் பெயரெடுத்த வீச்சு செயோய் நாகே. எதிராளியைத் தன் முதுகின் மேலேற்றித் தோளுக்கு மேலாக வீசுவது. 1882-இல் தோக்கியோவில் ஜிகோரோ கானோ நிறுவிய கோடோகான், வீச்சுகளை வகைப்படுத்தும்போது இதைக் கைநுட்பங்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஆயினும் அந்த வீச்சில் கை செய்வது என்ன? எதிராளியை முன்னால் இழுத்து நிலைகுலையச் செய்கிறது. பின்னர் அவரை நம் முதுகோடு ஒட்டி வைத்திருக்கிறது. மடக்கிய முழங்கால்கள் நிமிரும்போது பிறக்கும் விசைதான் அவரைத் தரையிலிருந்து கிளப்புகிறது. காலில் பிறந்த விசை தோளுக்குச் சென்றாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே வழி நடுவுடல்.

பிசியோதெரபிஸ்ட் இதை எங்கள் ஊர்க் கிணற்றைக் கொண்டே விளக்கினார். இழுப்பவன் எத்தனை பலசாலியானாலும் கயிறு தொய்ந்திருந்தால் வாளி ஏறாது. முதலில் கயிறு விறைக்க வேண்டும். நடுவுடல் விறைக்காத ஜூடோ வீராங்கனைக்குக் காலின் விசை பாதி வழியில் தேய்ந்துபோகும். அந்தக் குறையை ஈடுகட்ட அவள் முதுகைப் பின்னால் வளைத்து முறுக்குவாள். எங்கள் மகள் செய்துகொண்டிருந்தது அதைத்தான். தன்னொத்த எடையுள்ள, வீழ மறுக்கும் ஒருத்தியை ஒரு மாலையில் பத்துப் பதினைந்து முறையேனும் அவ்வாறு தூக்குவாள். தூக்காமல் உள்ளே திரும்பி மட்டும் பழகும் பயிற்சியோ நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒரே பக்கம் திரும்பித்தான்.

நடுவுடல் என்றால் வயிற்றின் மேல் தெரியும் கட்டுகள் என்றே இளைஞர் பலரும் நினைக்கின்றனர். அது முன்புறம் இருக்கும் நேர்த்தசை மட்டுமே. அதன் இருமருங்கிலும் சாய்தசைகள், அவற்றுக்கும் அடியில் இடுப்புக் கச்சையைப் போல் சுற்றிவரும் குறுக்குத் தசை, பின்னால் முதுகுத்தண்டை நிமிர்த்தி நிறுத்தும் நீண்ட தசைகள், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே பக்கவாட்டில் நிற்கும் சதுரத் தசை, மேல்மூடியாக உதரவிதானம், அடித்தளமாக இடுப்புத் தளத் தசைகள். இவை யாவும் ஒருசேர இறுகும்போது வயிற்றறை காற்றடைத்த பந்தைப் போல் விறைத்து முதுகுத்தண்டைத் தாங்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் 1990-களில் செய்த ஆய்வு ஒன்றைப் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். ஒருவர் கையை விரைந்து உயர்த்தும்போது, கையைத் தூக்கும் தசைக்கும் முன்னதாகவே வயிற்றின் குறுக்குத் தசை இயங்கிவிடுகிறதாம். அடிக்கடி முதுகுவலி வருவோரிடம் அது பிந்துகிறதாம். அன்று மாலை தக்பீருக்குக் கை உயர்த்தியபோது எங்களில் ஒருவருக்கு வயிற்றின் மேலேயே நினைவு போயிற்று, அல்லாஹ் மன்னிப்பானாக.

விளையாட்டுக்கு விளையாட்டு இத்தசைகள் வேறு விதமாக வளர்கின்றன என்பதும் எங்களுக்குப் புதிது. ஜப்பானில் பல்கலைக்கழக மல்யுத்த வீரர்களையும் ஜூடோ வீரர்களையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வொன்று உண்டு. மல்யுத்தக்காரர்களிடம் உடலை முன்னும் பின்னும் வளைக்கும் தசைகள் மேலோங்கியிருந்தன. ஜூடோக்காரர்களிடம் உடலை முறுக்கவும் பக்கவாட்டில் சாய்க்கவும் உதவும் தசைகள். எதிராளியின் கால்களை நோக்கித் தாழ்ந்து பாய்கிறவன் மல்யுத்தக்காரன். நிமிர்ந்து நின்று, சட்டையைப் பற்றி, உள்ளே திரும்புகிறவன் ஜூடோக்காரன். எந்த வேலையைச் செய்கிறானோ அதற்கேற்ற உடல் அமைந்துவிடுகிறது.

இனி மகளின் கணக்கு. மேசை விளிம்பில் இடுப்புவரை குப்புறப் படுக்க வைத்து, கால்களைப் பட்டையால் கட்டி, மேலுடலை அந்தரத்தில் நேராகப் பிடிக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். டென்மார்க்கைச் சேர்ந்த பியரிங் சோரன்சன் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை அது. உச்ச அளவு 240 விநாடி. இதில் நீண்ட நேரம் தாங்கிய ஆண்களுக்குப் பின்னாளில் முதுகுவலி குறைவாகவே வந்ததென்று 1984-இல் அவர் எழுதியிருக்கிறார். எங்கள் மகள், மாநிலப் போட்டி வரை சென்றவள், 64-ஆம் விநாடியில் தொய்ந்துவிட்டாள். அடுத்தது ஒரு முழங்கையையும் பாதங்களையும் ஊன்றிப் பக்கவாட்டில் பலகைபோல் நிற்கும் சோதனை. வலப்பக்கம் 81 விநாடி, இடப்பக்கம் 47. ஓய்வுக் காலத்துக்குப் பின் எடுத்த அளவுகள்தாம், ஆதலால் சற்றுக் குறைந்திருக்கும். ஆனால் ஓய்வு இரு பக்கத்துக்கும் பொதுவல்லவா?

அந்த எண்களைக் கேட்டதும் எங்களுக்கு முந்திய ஆண்டின் காலிறுதி ஆட்டம் நினைவுக்கு வந்தது. நான்கு நிமிடம் சமநிலையில் முடிந்து, ஒருவர் புள்ளி எடுக்கும்வரை நீளும் கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டம். முதல் மூன்று நிமிடமும் அவளே மேலோங்கியிருந்தாள். பிறகு மெல்ல மெல்ல முன்னால் கூனத் தொடங்கினாள். தலை தாழ்ந்த ஜூடோக்காரியைக் கீழே இழுப்பது எளிது, இழுத்துவிட்டார்கள். மனத்திடம் போதவில்லை என்று வழியெல்லாம் அவளுக்கு அறிவுரை கூறிக்கொண்டு வந்தோம். அவள் பேருந்து சன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வலி தொடங்கியது ஏறத்தாழ அந்த வாரத்தில்தான் என்பதை இப்போது அறிகிறோம்.

பயிற்சியாளரைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. மாஸ்டர் தாம் கற்ற வழியில் கற்பித்தார். ஒவ்வொரு மாலையும் இருநூறு முறை படுத்தெழும் பயிற்சி அதில் ஒன்று. முதுகுத்தண்டை அத்தனை முறை மடக்குவது இவளுக்கு இப்போது வேண்டாமென்று பிசியோதெரபிஸ்ட் கடிதம் எழுதித் தந்தார். மாஸ்டர் அதை இருமுறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சென்றபோது, பிள்ளைகள் அனைவரும் பக்கவாட்டுப் பலகை நின்றுகொண்டிருந்தனர்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளே அவளுக்கும் அடித்தளமாயின. மல்லாந்து படுத்து, முதுகின் இயல்பான வளைவு கலையாமல் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது. பக்கவாட்டுப் பலகை. நாற்காலில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி நிறுத்தி, பின்பு மாற்றிச் செய்வது. பார்ப்பதற்கு எதுவுமே நடக்காததைப் போலிருக்கும். இவற்றோடு, சன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை மார்புக்கு நேரே நீட்டிப் பிடித்து, அது பக்கவாட்டில் இழுக்க இழுக்க உடல் திரும்பாமல் நிற்கும் பயிற்சி ஒன்று. திரும்புவதைப் பழகியவளுக்குத் திரும்பாமல் நிற்பதே கடினமாயிருந்தது. இடப்பக்கம் திரும்பி வீசவும் மாஸ்டர் முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். அதில் இன்றும் அவள் தொடக்கநிலை மாணவிதான். அவளைவிட இரண்டு வயது இளையவர்களிடம் விழுகிறாள்.

ஓய்வுக் காலத்தில் சில வாரம் அவள் நாற்காலியில் அமர்ந்து தொழுதாள். நன்னியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் பார்த்துப் பெரியத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்னி முந்திக்கொண்டார். "நீ சும்மா இரு. புள்ள எந்திரிப்பா."

வீட்டுப் பயிற்சிக்கு நேரம் பார்த்தவரும் நன்னியே. கைப்பேசியின் கடிகாரம் அவருக்குப் புரிபடவில்லை. கோரைப்பாயில் பேத்தி பக்கவாட்டில் ஊன்றியதும், நாற்காலியில் இருந்தபடி தஸ்பீஹ் மணிகளை உருட்டத் தொடங்குவார். முப்பத்து மூன்று முடிந்தால் ஒரு சுற்று. தொடக்கத்தில் இடப்பக்கத்துக்கு ஒரு சுற்றோடு சரிந்தாள். ஐந்தாம் மாதம் மூன்று சுற்றையும் தாங்கினாள். பேத்தியின் கை நடுங்கும்போது நன்னியின் விரல் சற்று விரைவதாகத் தந்தையானவருக்கு ஐயம். தாயானவர் இதை மறுக்கிறார்.

அந்தப் பழைய நிபந்தனையை நாங்கள் திரும்பப் பெற்றோம். எளிதாகச் செய்ததாகச் சொல்ல மாட்டோம். முதலில் வேறு சொற்களில் அதையேதான் சொல்லிப் பார்த்தோம். "வலிச்சா சொல்லு, நாங்க முடிவு பண்றோம்" என்றோம். முடிவு யாருடையது என்று அவள் கேட்டாள். இரண்டு நாள் எங்களுக்குள் பேசினோம். பெரியத்தாவின் முன்னிலையில் சொன்னதை அவர் முன்னிலையிலேயே மாற்ற வேண்டுமென்று தாயானவர் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தபோது, வலிக்காக அவளை நிறுத்த மாட்டோம் என்றும், மருத்துவர் நிறுத்தச் சொன்னால் மூவருமாகச் சேர்ந்து கேட்போம் என்றும் சொன்னோம். பெரியத்தா பாக்கு மென்றுகொண்டே, "அதான் சரி" என்றார். இத்தனை ஆண்டு யாருக்கு அஞ்சிக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்கே வெட்கமாயிற்று.

சென்ற மாதம் மாவட்டப் போட்டியில் மீண்டும் ஆடினாள். அரையிறுதி கூடுதல் நேரத்துக்குச் சென்றது. நாங்கள் இருவரும் புள்ளிப் பலகையைப் பார்க்கவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாம் நிமிடத்திலும் கூனவில்லை. பிறகு எதிராளியின் காலிடறலில் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்தாள், ஆட்டம் முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் வென்றாள்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் விளக்கை அணைத்திருந்தோம். எங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். "அம்மா, அத்தா, இடது பக்கம் கொஞ்சம் வலிக்குது. பழைய எடத்துல இல்ல, அதுக்கு மேல."

எழுந்து விளக்கைப் போட்டோம்.